மாரி காலமும் விற்றமின் டி குளிசையும்

இரணைமடுக் குளத்தின் கீழே காலபோக விதைப்பு முடிந்து, வாடைக்காற்றோடு வந்த முகில் நாட்கணக்கில் வெயிலை மறைத்து நிற்கும் இந்நாட்களில், எலும்பு பலவீனமாகிவிடுமோ என்று அஞ்சி, கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ உறவினர் அனுப்பிய விற்றமின் டி குளிசைப் போத்தலைத் திறக்க எண்ணுவோர், முதலில் அதில் ஒட்டிய சீட்டை நிதானமாக வாசிக்க வேண்டுகிறேன்.

நம் நிழல் நம் உயரத்தைவிடக் குறுகி விழும் உச்சிவேளைச் சூரியகிரணமே தோலில் இச்சத்தை உண்டாக்க வல்லது. அவ்வெயில் வன்னியில் மார்கழியிலும் மழை விட்ட இடைவேளைகளில் கிட்டுவதால், வயலிலும் கடலிலும் உழைத்து, சூடை மீனும் முட்டையும் உண்போருக்குப் பெரும்பாலும் போத்தல் அவசியமில்லை. வீட்டைவிட்டு வெளியேற இயலாத முதியோருக்கும் கைக்குழந்தைகளுக்கும் அவசியமாகலாம். அதை வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 600 அலகும் (சீட்டில் IU), 70 வயதைக் கடந்தோர்க்கு 800 அலகும், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 400 அலகும் போதும். வைத்தியரின் மேற்பார்வையின்றி வளர்ந்தோர் 4000 அலகைத் தாண்டலாகாது. சில சீட்டுகளில் அலகுக்குப் பதில் மைக்ரோகிராம் இருக்கும். 25 மைக்ரோகிராம் என்பது 1000 அலகு. வாரம் ஒன்றாக எழுதிக்கொடுக்கப்படும் 60,000 அலகுக் குளிசையைத் தினமும் விழுங்குவது பேரபாயம். ஏனெனில் இச்சத்து, மிகுந்தால் சிறுநீரோடு கழிந்துபோவதன்று, கொழுப்பில் தங்கிச் சேர்வது. குழந்தைக்கான சொட்டுமருந்தில் ஒரு போத்தலில் ஒரு சொட்டே 400 அலகாகவும், மற்றொன்றில் ஒரு மில்லிலீற்றர் 400 அலகாகவும் இருப்பதுண்டு. ஆதலால் ஒன்றின் அளவுகுழாயால் மற்றொன்றைப் புகட்டாதீர்கள். 2010-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமே, அளவுகுழாய் நிறைய மருந்து புகட்டும் தவறு குறித்துப் பெற்றோரை எச்சரித்தது.

எல்லாவற்றிலும் என் மனத்தை அதிகம் வருத்துவது சிறுநீரகம். 1990-களில் வடமத்திய மாகாணத்தில் அறியப்பட்ட, காரணம் துலங்காத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியாவின் கிராமங்களிலும் காணப்படுகிறது; தோலில் உண்டாகும் சத்தையும் குளிசையின் சத்தையும் தேகம் பயன்படுத்தும் வடிவுக்கு மாற்றுவதோ பிரதானமாகச் சிறுநீரகமே. ஆகவே அந்நோயாளரும், கல்லடைப்பு உள்ளோரும், பிறசருக்கு நீர்போக்கும் குளிசையோ இருதயத்துக்கு டிகொக்சினோ எடுப்போரும், விற்றமின் டியையோ கல்சியத்தையோ தாமாகத் தொடங்காமல், அடுத்த கிளினிக் நாளில் கிளினிக் கொப்பியுடன் போத்தலையும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஏற்கெனவே எடுத்து வருவோருக்கு ஓங்காளம், பசியின்மை, மலச்சிக்கல், தணியாத தாகம், அடிக்கடி சிறுநீர், புத்தித் தடுமாற்றம் ஆகியவை கண்டால், இரத்தத்தில் கல்சியம் ஏறியிருக்கலாம்; குளிசையை உடனே நிறுத்தி, போத்தலைக் கையோடு எடுத்துக்கொண்டு, அன்றைக்கே அருகிலுள்ள வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.