காணாமற்போன கணவரும் நான்கு ஆண்டுக் கெடுவும்

கேள்வி: பலதார மணம் துனீசியாவில் குற்றம்; எகிப்தில் அனுமதி. இரண்டும் முஸ்லிம் நாடுகள்தானே? ஷரீஅத் நாட்டுக்கு நாடு மாறுமா?
– வாசகர், காரைக்கால்

பதில்: பிரிவு எண் போட்டு அச்சடித்த ஒற்றைச் சட்டப் புத்தகமாக ஷரீஅத் இருந்ததே இல்லை. குர்ஆன், ஹதீஸ் அடிப்படையில் உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) நூற்றாண்டுக் கணக்கில் விவாதித்துச் சேர்த்த கருத்துகளே ஃபிக்ஹு. சுன்னிகளிடம் மட்டும் ஹனஃபி, மாலிகி, ஷாஃபி உட்பட நான்கு மத்ஹபுகள் (சட்ட மரபுகள்). நீதிபதியான காஜியை நியமித்தது சுல்தான். மார்க்கச் சட்டத்துக்குப் பொருள் சொன்னது உலமாக்கள்.

உஸ்மானிய (ஒட்டோமான்) அரசு இந்த முறையைப் புரட்டிப் போட்டது. ஜெவ்தத் பாஷா தலைமையிலான குழு 1869 முதல் 1876 வரை ‘மெஜெல்லே’ என்ற சட்டத் தொகுப்பைப் பகுதி பகுதியாக வெளியிட்டது. மொத்தம் 1,851 பிரிவுகள். ஹனஃபி அறிஞர்களின் பல கருத்துகளில் எது செல்லும் என்பதை இனி அரசே தீர்மானித்தது. கொடுக்கல் வாங்கல், வாடகை எல்லாம் அதில் உண்டு, திருமணம் இல்லை. குடும்பச் சட்டம் 1917இல்தான் வந்தது.

அப்போது முதல் உலகப் போர். போருக்குப் போன கணவரிடமிருந்து தகவலே இல்லை. மனைவி என்ன செய்வாள்? கணவரின் வயதொத்தவர்கள் இறந்துபோகும் காலம் வரை காத்திருக்க வேண்டும் என்பது பழைய ஹனஃபி நிலை. மாலிகி மத்ஹபில் நான்கு ஆண்டு போதும். உஸ்மானியச் சட்டம் மாலிகி பக்கம் சாய்ந்தது.

இந்தியாவிலும் இதே சிக்கல்தான். மணவிலக்குக்கு வேறு வழியில்லாமல் பஞ்சாபில் சில பெண்கள் மதமே மாறினார்கள். தேவ்பந்த் மரபின் அறிஞர் அஷ்ரஃப் அலி தானவி மாலிகி வழியைக் கையாளலாம் என்றார். முஸ்லிம் மணமுறிவுச் சட்டம் 1939இல் நிறைவேறியது: கணவர் இருக்குமிடம் நான்கு ஆண்டு தெரியாவிட்டால் மனைவி நீதிமன்றத்தில் மணவிலக்குக் கேட்கலாம். தமிழ் முஸ்லிம்களில் ஹனஃபி ராவுத்தருக்கும் ஷாஃபி மரைக்காயருக்கும் இன்றும் அதே பிரிவுதான்.

துனீசியாவுக்கு வருவோம். மனைவியரிடையே நீதி செலுத்த முடியாது என அஞ்சினால் ஒருத்தி போதும் என்கிறது ஒரு குர்ஆன் வசனம். எவ்வளவு விரும்பினாலும் சமமாக நடத்த இயலாது என்கிறது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துப் படித்த துனீசியத் தலைவர் புர்கீபாவின் அரசு 1956இல் பலதார மணத்தைத் தடை செய்தது. பழைய உலமாக்கள் பெரும்பாலோர் அந்த வசனங்களை அப்படிப் படிக்கவில்லை.

எகிப்து அந்த வழியில் போகவில்லை. ஆனால் 1980 அரசியலமைப்புத் திருத்தம் முதல் ஷரீஅத்தின் கோட்பாடுகளே அங்கு சட்டமியற்றலின் முதன்மை ஆதாரம். ஒரு சட்டம் அதற்கு முரணா என்ற வழக்கில் இறுதித் தீர்ப்பு சொல்வது அல்-அஸ்ஹர் உலமாக்கள் அல்லர், உச்ச அரசியலமைப்பு நீதிமன்ற நீதிபதிகள்.