போர்னியோவிலிருந்து வந்த கடிதமும், உங்க போனுக்குள்ள பூட்டிக் கிடக்கற பணமும்



ஒரு சின்ன கேள்வி. நாளைக்குக் காலையிலிருந்து 2 மாசத்துக்கு உங்களை யாராலும் தொடர்பு கொள்ள முடியாதுன்னு வெச்சுக்கோங்க. நீங்க உயிரோடதான் இருக்கீங்க, ஆனா பேச முடியாது. வீட்டு வாடகை, இ.எம்.ஐ., அப்பாவோட மருந்து, இதையெல்லாம் வீட்ல யார் எப்படிக் கட்டுவாங்க?

100 வருஷத்துக்கு முன்னாடி சில குடும்பங்களுக்கு இதுதான் தினசரி வாழ்க்கை. அவங்க கதையைச் சொல்லிட்டு நம்ம கதைக்கு வர்றேன்.

கனடாவோட ஒன்டாரியோ மாகாணத்துல பெட்ரோலியான்னு ஒரு சின்ன ஊர். பேரே பெட்ரோல்தான்! பக்கத்துல ஆயில் ஸ்பிரிங்ஸ். 1858-ல ஜேம்ஸ் மில்லர் வில்லியம்ஸ் அங்க எண்ணெய்க் கிணறு தோண்டினதுக்கு அப்புறம், சுத்துப்பட்டு ஆட்கள் எல்லாம் துளை போடற வேலையில கைதேர்ந்துட்டாங்க. நீளமான மரக்கம்புகளை ஒண்ணோட ஒண்ணு மாட்டி, நுனியில இரும்பு உளியைக் கட்டி, தூக்கித் தூக்கி இடிச்சே பாறையில ஓட்டை போடற முறை அவங்களோடது.

உள்ளூர்ல எண்ணெய் குறைய ஆரம்பிச்ச நேரத்துல, வெளிநாட்டுல அந்தக் கைக்கு நல்ல கிராக்கி. ஜாவா, கலீசியா (இன்னிக்கு போலந்து, உக்ரைன் இருக்கற பகுதி), பாரசீகம், போர்னியோன்னு கிளம்பிப் போனாங்க. ஊர்ல இவங்களுக்கு 'ஃபாரின் டிரில்லர்ஸ்'னு பேரு. நம்ம ஊர்ல 'துபாய்க்காரர் வீடு'ன்னு சொல்ற மாதிரிதான். 1910 டிசம்பர் 22-ல போர்னியோவுல மீரி என்ற இடத்துல முதல் கிணத்துல எண்ணெய் வந்தது. இப்போ அது மலேசியா. அந்தக் கிணறு இருக்கற மலைக்கு இன்னிக்கும் 'கனடா ஹில்'னுதான் பேரு.

இவங்களுக்கும் வீட்டுக்கும் நடுவுல இருந்தது கடிதம் மட்டும்தான். கப்பல், ரயில், மறுபடி கப்பல். ஒரு கடிதம் போய்ச் சேரவே ஒரு மாசத்துக்கு மேல. பதில் வர இன்னொரு மாசத்துக்கு மேல. "பையனுக்குக் காய்ச்சல், பணம் அனுப்புங்க"ன்னு மனைவி எழுதினா, அது அவர் கைக்குக் கிடைக்கறதுக்குள்ள பையன் குணமாகி பள்ளிக்கூடம் போயிருப்பான். இல்லைன்னா... வேண்டாம், விடுங்க.

இந்தத் தாமதம் எவ்வளவு பெருசுன்னு புரிய ஒரு சம்பவம். 1908-ல பாரசீகத்துல ஜார்ஜ் ரேனால்ட்ஸ் என்பவர் தலைமையில துளை போட்டுக்கிட்டிருந்தாங்க. வருஷக்கணக்கா லாபம் தர்ற அளவுக்கு எண்ணெய் வரலை. செலவு செய்த பர்மா ஆயில் கம்பெனி பொறுமை இழந்து, வேலையை முடிச்சுக்கச் சொல்லி உத்தரவு அனுப்பிச்சு. அது கடிதமா வந்து சேரறதுக்குள்ள, மே 26-ம் தேதி மஸ்ஜித் சுலைமான்ல எண்ணெய் பீறிட்டு வந்துடுச்சு! இன்னிக்கு பி.பி.ன்னு நாம சொல்ற கம்பெனியோட ஆரம்பம் அதுதான்.

ரேனால்ட்ஸுக்குத் தாமதம் அதிர்ஷ்டமா அமைஞ்சது. வீட்ல காத்திருந்த மனைவிக்கு அப்படி இல்லை. தபால் ஒரு கப்பல் தவறினாலும் மளிகைக் கடைக்காரர் காத்திருக்க மாட்டார். அதனால அந்தக் காலத்துல வெளிநாட்டு வேலைக்குப் போனவங்க வீட்ல ரெண்டு விஷயம் இல்லாம ஓட்ட முடியாது. ஒண்ணு, அடுத்த பணம் வர்ற வரைக்கும் தாங்கற அளவு கையிருப்பு, அதுவும் மனைவியால எடுக்க முடியற இடத்துல. ரெண்டாவது, யாருக்கு எவ்வளவு பாக்கி, யார் நமக்குத் தரணும்னு எழுத்துல ஒரு கணக்கு.

நமக்குத்தான் யு.பி.ஐ. இருக்கே, ரெண்டு செகண்டுல போயிடுமேன்னு தோணும். எனக்கும் அப்படித்தான் தோணிச்சு, ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும்.

என் பெரியப்பா பையன் வளைகுடாவுல எண்ணெய் ரிக்ல வேலை பார்க்கறார். 28 நாள் வேலை, 28 நாள் லீவு. லீவுல வந்தப்போ ஒருநாள் காலையில பக்கவாதம். 19 நாள் ஐ.சி.யூ. அவருடைய ரெண்டு அக்கவுண்ட்லயும் சேர்த்து 11 லட்சத்துக்கு மேல இருந்தது. அண்ணி நகையை அடகு வெச்சுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கட்டினாங்க. போன் லாக்கு யாருக்கும் தெரியாது. பேங்க்ல போய்க் கேட்டா, "நீங்க நாமினிதானே மேடம், அவர் உயிரோட இருக்காரே"ன்னு சொல்லிட்டாங்க. கேட்கக் கொடுமையா இருக்கும். ஆனா சட்டப்படி அதுதான் சரி.

நம்மில் பல பேர் தப்பாப் புரிஞ்சு வெச்சிருக்கறது இதைத்தான். நாமினிக்கு உங்க பணத்துல உரிமை வர்றது உங்க மறைவுக்கு அப்புறம்தான். நீங்க ஆஸ்பத்திரியில படுத்திருந்தா நாமினேஷன் வெறும் காகிதம். அந்த நேரத்துக்கு உதவறது ஜாயின்ட் அக்கவுண்ட். 'ஐதர் ஆர் சர்வைவர்'னு போட்டு, 4 மாசச் செலவையாவது அதுல வைங்க. உங்க மனைவியோ, கணவரோ, கல்யாணம் ஆகலைன்னா அம்மாவோ அப்பாவோ தன் கார்டால எடுக்கணும். ஒரு தடவை எடுத்தும் பார்க்கச் சொல்லுங்க. அண்ணிக்கு ஏ.டி.எம்.ல பணம் எடுக்கவே அதுவரைக்கும் தெரியாது.

அடுத்தது கடிதம். ஆமா, பேனாவால பேப்பர்ல. ஒரு பக்கம் போதும். எந்த பேங்க், எந்தக் கிளை, யு.ஏ.என். நம்பர், பாலிசி நம்பர், ஆபீஸ்ல ஹெச்.ஆர். போன் நம்பர், யாருக்குக் கைமாத்துக் கொடுத்திருக்கீங்க, யார்கிட்ட வாங்கியிருக்கீங்க. பின் நம்பர், பாஸ்வேர்டு எழுதவே எழுதாதீங்க.

பி.எஃப். பத்தி எழுதும்போது சில விஷயம் தனியா எழுதுங்க, ஏன்னா வீட்ல யாருக்கும் இது தெரிஞ்சிருக்காது. பி.எஃப். உள்ளவர் வேலையில இருக்கும்போது இறந்தா, இ.டி.எல்.ஐ. திட்டத்துல குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் வரை காப்பீட்டுத் தொகை உண்டு. கிராஜுவிட்டிக்கு 5 வருஷ சர்வீஸ் வேணும்கற விதி, இறப்புன்னு வந்தா பொருந்தாது. இன்னொண்ணு: கல்யாணத்துக்கு முன்னாடி பி.எஃப்.ல போட்ட நாமினேஷன், கல்யாணம் ஆனதும் செல்லாது. புதுசாப் போடணும். போன மாசம் வீடியோவுல இதைச் சொன்னதுக்கு, "மூணு வருஷமா மாத்தலை அண்ணா"ன்னு எத்தனை மெசேஜ்!

அந்த டிரில்லர்களோட கடிதங்கள் சிலது ஆயில் ஸ்பிரிங்ஸ்ல இருக்கற மியூசியத்துல பத்திரமா இருக்கு. உங்க கடிதத்துக்கு ரேஷன் கார்டு வைக்கற அதே பிளாஸ்டிக் கவர் போதும். வீட்ல எல்லாருக்கும் அது எங்க இருக்குன்னு தெரியும்.

அண்ணன் இப்போ தேறிட்டார், வலது கைதான் இன்னும் முழுசா வரலை. போன பொங்கலுக்குப் போயிருந்தப்போ அவர் சொல்லச் சொல்ல அண்ணி ஒரு நோட்டுல எழுதிக்கிட்டிருந்தாங்க. நடுவுல நிறுத்தி, "இந்த சீட்டு போட்டது எனக்கு இதுவரைக்கும் தெரியாதே"ன்னாங்க. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் காபி குடிக்க எழுந்து போயிட்டேன்.