மருந்தைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவோம்

க.பொ.த. (சாதாரண தரம்) – சுகாதாரமும் உடற்கல்வியும்



மருந்து பற்றிய வினாக்களுக்கு விடை எழுதுவோர் பலர் “வைத்தியரின் ஆலோசனைப்படி மருந்து உட்கொள்ள வேண்டும்” என்ற ஒரே வாக்கியத்துடன் நிறுத்திவிடுகின்றனர். இவ்விடை சரியானது, ஆயினும் முழுமையானதன்று. வைத்தியரின் ஆலோசனை சிட்டையிலிருந்து மருந்து உறைக்கும், உறையிலிருந்து நோயாளியின் கைக்கும் பிழையின்றி வந்து சேர வேண்டும். இடையில் ஓரிடத்தில் தவறு நேர்ந்தாலும் நல்ல மருந்தே கேடு செய்யும்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல வீடுகளில், ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதப்பட்ட மருந்து உறையை முதியவர்களுக்கு வாசித்துச் சொல்பவர் பாடசாலை செல்லும் பிள்ளையே. ஆகவே இப்பாடத்தைப் பரீட்சைக்கும் வீட்டுக்குமாகப் படியுங்கள்.

1. மருந்தின் விளைவுகள்

விரும்பிய விளைவு: எந்நோக்கத்துக்காக மருந்து கொடுக்கப்படுகின்றதோ அது. உதாரணம்: பரசிற்றமோல் காய்ச்சலையும் வலியையும் குறைத்தல்.

பக்க விளைவு: சரியான அளவில் எடுக்கும்போதும் கூடவே ஏற்படக்கூடிய வேறு விளைவு. உதாரணம்: தடிமனுக்குக் கொடுக்கப்படும் குளோர்பெனிரமின் மூக்கு வடிதலைக் குறைக்கும், அதேவேளை தூக்க மயக்கத்தையும் தரும். அதனை எடுத்தவர் வாகனம் செலுத்தலாகாது.

ஒவ்வாமை: சிலரின் உடல் ஒரு மருந்தை ஏற்காமை. உதாரணம்: பெனிசிலின் எடுத்த சிலருக்குத் தோலில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் ஏற்படலாம். மூச்சுத்திணறல் உயிராபத்தானது. உடனே 1990 இலவச அம்புலன்ஸ் சேவையை அழைத்தல் வேண்டும்.

இடைத்தாக்கம்: ஒரு மருந்து இன்னொன்றின் செயலைக் கூட்டுதல் அல்லது குறைத்தல். உதாரணம்: வலிக்கு எடுக்கும் டைக்குளோபெனாக், உயர் குருதியமுக்கத்துக்கான மருந்துகளின் பயனைக் குறைக்கக்கூடும்.

2. ஐந்து சரிகள்

தாதியர் ஒருவர் மருந்து கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஐந்து விடயங்களைச் சரிபார்க்கின்றார். வீட்டில் மருந்து எடுத்துக் கொடுக்கும் நீங்களும் இவற்றையே பின்பற்றலாம்.

(அ) சரியான நபர்: உறையிலுள்ள பெயரை வாசிக்க. ஒரே நோயாக இருப்பினும் அம்மம்மாவின் மருந்தை அம்மாவுக்குக் கொடுக்கலாகாது.

(ஆ) சரியான மருந்து: ஒரே மருந்து பல வர்த்தகப் பெயர்களில் விற்கப்படுகின்றது. பனடோல் என்பது வர்த்தகப் பெயர். பரசிற்றமோல் என்பது மருந்தின் பொதுப்பெயர். இவற்றை இரு வேறு மருந்துகள் என எண்ணி இரண்டையும் எடுப்பவருக்கு அளவு இரட்டிப்பாகின்றது. மருந்துகளைப் பொதுப்பெயரால் வழங்க வேண்டும் என எமது நாட்டில் வலியுறுத்தியவர் பேராசிரியர் சேனக பிபிலே (1920–1977) ஆவார். 1971 இல் உருவாக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதலாவது தலைவரும் அவரே. ‘ஒசுசல’ மருந்தகங்கள் இக்கூட்டுத்தாபனத்துக்கு உரியவை. இன்று மருந்துகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்துவது, 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை ஆகும்.

(இ) சரியான அளவு: பாணி மருந்தை மருந்துடன் தரப்படும் கரண்டியாலோ அளவுக் குவளையாலோ அளக்க. மருந்துத் தேக்கரண்டி 5 மி.லீ. கொள்ளும். வீட்டுக் கரண்டிகள் ஒரே அளவினவல்ல.

(ஈ) சரியான வழி: வாய், கண், காது, தோல், ஊசி என வழிகள் வேறுபடும். காதுக்குரிய துளி மருந்தைக் கண்ணில் இடலாகாது.

(உ) சரியான நேரம்: உணவுக்கு முன்னரா பின்னரா, எத்தனை மணித்தியால இடைவெளியில் என்பவற்றைக் கவனிக்க. ஒரு வேளை தவறிவிட்டது என்பதற்காக அடுத்த வேளை இரட்டிப்பாக எடுக்கலாகாது.

சிட்டையில் காணப்படும் சில குறியீடுகள்:
பி.டி. – நாளுக்கு 2 தடவை
ரி.டி.எஸ். – நாளுக்கு 3 தடவை
மேனே – காலையில்
நொக்ரே – இரவில்
எஸ்.ஓ.எஸ். – தேவை ஏற்படின் மட்டும்

3. எடுத்துக்காட்டு: டெங்குக் காய்ச்சலும் குளிசையும்

2017 இல் இலங்கையில் 186,000 இற்கும் அதிகமானோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். 400 இற்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். கொழும்பு மாவட்டம் மிகவும் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்றாகும். மழைக்காலத்தில் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வரும்போது மருந்து பற்றிய அறிவு எவ்வாறு உயிர்காக்கும் எனப் பாருங்கள்.

டெங்குவில் குருதிச் சிறுதட்டுகள் குறைவடைகின்றன. குருதி உறைவதற்கு இவை அவசியம். அஸ்பிரின் எஞ்சியுள்ள சிறுதட்டுகளையும் ஒன்றுசேர விடாது தடுக்கும். இபுபுரோபன், டைக்குளோபெனாக் போன்றவை அத்துடன் இரைப்பையின் உட்சுவரையும் அரிக்கும். இதனால் உட்குருதிப்பெருக்கு ஏற்படலாம். ஆகவே டெங்கு எனச் சந்தேகிக்கப்படும் காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டுமே கொடுக்கப்படும். (இதய நோய்க்காக நாள்தோறும் அஸ்பிரின் எடுப்பவர் தாமாக அதனை நிறுத்தாது, உடனே வைத்தியரிடம் தெரிவிக்க வேண்டும்.)

பரசிற்றமோலிலும் ஆபத்து உண்டு. வளர்ந்தோருக்கு 500 மி.கி. குளிசை 1 அல்லது 2, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை என்பது வழமை. 24 மணித்தியாலத்தில் 8 குளிசைகளுக்கு மேற்படலாகாது. உடல் நிறை குறைந்தோருக்கும் ஈரல் நோயுள்ளோருக்கும் வைத்தியர் இதிலும் குறைந்த அளவையே விதிப்பார். டெங்குக் காய்ச்சல் குளிசைக்கு முற்றாகத் தணியாது. “இன்னும் சுடுகிறதே” என்று மேலும் மேலும் குளிசை கொடுப்பின் ஈரல் பாதிக்கப்படும். அவ்வேளையில் இளஞ்சூட்டு நீரால் உடலைத் துடைத்து, கஞ்சி, இளநீர், ஜீவனி போன்ற நீராகாரங்களைக் கொடுத்தலே தகும். சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிர்க்க. வாந்தியில் குருதி கலந்துள்ளதா என அறிய முடியாது போகும்.

கவனிக்குக: காய்ச்சல் இறங்கும் வேளையே டெங்குவின் ஆபத்தான கட்டம் தொடங்கும் வேளையாகவும் இருக்கலாம். தொடர் வாந்தி, கடும் வயிற்றுவலி, குருதிக்கசிவு, சிறுநீர் குறைதல், கைகால் குளிர்தல் ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும் தாமதியாது வைத்தியசாலை செல்க. காய்ச்சல் மூன்றாம் நாளும் நீடிப்பின் குருதிப் பரிசோதனை அவசியம்.

4. நோயாளிக்கு விளக்குதல்

“விளங்கியதா?” என்று கேட்டால் பெரும்பாலானோர் “ஓம்” என்றே தலையசைப்பர். அது விளங்கியதற்குச் சான்றாகாது. அனுபவமுள்ள தாதியர் “இந்தக் குளிசையை எப்போது, எத்தனை எடுப்பீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள், அம்மா” என்று கேட்பர். நோயாளி தம் வாயால் திருப்பிச் சொல்லும்போது பிழை அங்கேயே வெளிப்பட்டுத் திருத்தப்படும்.

மருந்தகத்திலோ கிளினிக்கிலோ நீங்கள் கேட்க வேண்டிய வினாக்கள்:
• இம்மருந்தின் பெயர் என்ன? எதற்காகத் தரப்படுகின்றது?
• எவ்வளவு, எப்போது, எத்தனை நாளைக்கு எடுப்பது?
• எந்தப் பக்க விளைவு ஏற்பட்டால் உடனே வர வேண்டும்?
• ஏற்கெனவே எடுக்கும் மருந்துகளுடன் சேர்த்து எடுக்கலாமா?

1987 இல் செய்யப்பட்ட அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழியாகும். ஆகவே அரச வைத்தியசாலையில் தமிழில் விளக்கம் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. கேட்டறிந்ததை உறையின் மேலேயே தமிழில் எழுதி வைத்துக்கொள்க.

5. மாதிரி வினாவும் விடையும்

வினா 1: கொட்டாஞ்சேனை ஜெம்பட்டா வீதியில் வசிக்கும் 70 வயதுப் பெண் ஒருவர் உயர் குருதியமுக்கத்துக்கு மருந்து எடுப்பவர். இரு நாட்களாக அவருக்குக் காய்ச்சலும் உடல்வலியும் உண்டு. அயலவர் ஒருவர் தம்மிடமிருந்த டைக்குளோபெனாக் குளிசையை அவருக்குக் கொடுக்க முன்வருகின்றார். அதனை எடுக்கலாகாது என்பதற்கு மூன்று காரணங்கள் தருக.

விடை: (i) அம்மருந்து அவருக்கென விதிக்கப்பட்டதன்று, ‘சரியான நபர்’ என்ற விதி மீறப்படுகின்றது. (ii) காய்ச்சல் டெங்குவாக இருப்பின் குருதிப்பெருக்கு ஏற்படலாம். (iii) குருதியமுக்க மருந்துடன் இடைத்தாக்கம் ஏற்படலாம்.

வினா 2: 16 கி.கி. நிறையுள்ள பிள்ளைக்கு, ஒரு தடவைக்குக் கி.கி. ஒன்றுக்கு 15 மி.கி. வீதம் பரசிற்றமோல் கொடுக்குமாறு வைத்தியர் பணிக்கின்றார். பாணியின் 5 மி.லீட்டரில் 120 மி.கி. மருந்து உண்டு. ஒரு தடவைக்குரிய பாணியின் அளவைக் காண்க.

விடை: தேவையான மருந்து 16 × 15 = 240 மி.கி. ஆகவே பாணியின் அளவு 240 ÷ 120 × 5 = 10 மி.லீ. அதாவது 2 மருந்துத் தேக்கரண்டி.

பரீட்சைக் குறிப்பு: காரணம் கேட்கப்படும் வினாவில் “ஆபத்தானது” என்று மட்டும் எழுதாது, உடலில் என்ன நிகழ்கின்றது என்பதையும் எழுதுக.

செயற்பாடு: வீட்டிலுள்ள மருந்து உறை ஒன்றை எடுத்து ஐந்து சரிகளையும் அதில் தேடிப் பாருங்கள். பெயர், அளவு, நேரம் ஆகியவற்றுள் ஏதேனும் தெளிவற்றிருப்பின், அடுத்த வேளை மருந்துக்கு முன்னரே மருந்தாளரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.