ஹவாய்க்குப் போகிற பிள்ளைகளுக்கு

1. ஓட்டல்காரர்கள் நடத்தும் லுவாவ் விருந்துக்கு ஒரு ராத்திரி போய்வாருங்கள், தப்பில்லை. குழிக்குள் சூடேறிய கற்களின்மேல் பன்றியை வைத்து, இலையும் மண்ணும் போட்டு மூடி மணிக்கணக்காக வேகவிடுவார்கள். அந்த 'இமு' அடுப்பைத் திறக்கும் நேரத்தில் பக்கத்தில் நில்லுங்கள். அப்புறம் மேடையில் ஒருவர் நெருப்புக் கத்தி சுழற்றுவார். அது சமோவாக்காரர்களின் கலை. ஹவாய்க் கலை என்று ஊரில் வந்து சொல்லாதீர்கள்.

2. யாராவது லெய் மாலை போட வந்தால் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்ளுங்கள். போட்டவர் கண்ணெதிரே கழற்றக் கூடாது. வாடியபின் குப்பைத்தொட்டியில் எறியாமல், நூலை உருவிவிட்டுப் பூவை மரத்தடியில் போடுங்கள்.

3. ஹூலாவுக்கு அவசரப்படாதீர்கள். 1820இல் பாதிரிமார் வந்திறங்கினார்கள். 1830இல் மதம் மாறிய ராணி காஹுமனு பொது இடத்தில் ஹூலா ஆடவே தடை போட்டார். 1883இல் கலாகாவா மன்னர் தம் முடிசூட்டு விழாவில் அதை மறுபடி அரங்கேற்றினார். அவருடைய பட்டப்பெயரைச் சொல்லித்தான் ஹீலோ நகரில் ஈஸ்டருக்கு அடுத்த வாரம் 'மெர்ரி மோனார்க்' விழா நடக்கிறது. 1971 முதல் அதில் போட்டியும் உண்டு. டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. புதன் இரவு நிகழ்ச்சிக்குக் கட்டணமில்லை, அதற்கு முயலுங்கள். 'கஹிக்கோ' என்கிற பழைய வகையைத் தவறவிடாதீர்கள். கிட்டாரும் உகுலேலேயும் கிடையாது. குரு தரையில் உட்கார்ந்து சுரைக்குடுவையைத் தட்டிக்கொண்டே ஓதுவார். அரைமண்டிபோல முழங்காலை மடக்கி ஆடுவார்கள். இடுப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் புரியாது. கையைப் பாருங்கள், கதை அங்கேதான் ஓடுகிறது.

4. போயி என்பது வேகவைத்து இடித்த சேப்பங்கிழங்குக் களி. நம் வீட்டில் வறுவல் செய்கிற அதே கிழங்குதான். கருநீலச் சாம்பல் நிறத்தில் இருக்கும், ஓரிரு நாள் வைத்தால் புளிக்கும். எத்தனை விரலால் அள்ள வேண்டியிருக்கிறது என்பதை வைத்து அதன் கெட்டித்தன்மையைச் சொல்வார்கள்: ஒருவிரல், இருவிரல், மூவிரல். வெறுமனே ருசிபார்த்து 'பசை மாதிரி இருக்கிறது' என்று முகம் சுளிக்காதீர்கள். உப்புப்போட்ட இறைச்சியோடோ மீனோடோ சாப்பிடவேண்டியது. அவர்கள் புராணத்தில் பிறந்தவுடன் இறந்த மூத்த பிள்ளையைப் புதைத்த இடத்தில் முளைத்தது சேம்பு. பின்னால் பிறந்த தம்பியின் வழிவந்தவர்கள்தான் மக்கள். அண்ணன் முன்னால் வாய்ச்சண்டை ஆகாது என்பதால், போயிக் கிண்ணம் திறந்திருக்கும்போது யாரும் தகராறு பேசுவதில்லை.

5. ஹொனலூலுவில் கடைத்தெருவைச் சுற்றுகிற நேரத்தில் பாதியை இயோலானி அரண்மனைக்குக் கொடுங்கள். 1893இல் வியாபாரிகள் கூட்டம் ஒன்று அமெரிக்கப் படை கரையிறங்கி நின்ற துணிச்சலில் ராணி லிலியுவோகலானியின் ஆட்சியைப் பிடுங்கியது. 1895இல் ராணியை அவருடைய அரண்மனையிலேயே ஓர் அறையில் அடைத்தார்கள். அங்கே அவரும் உடனிருந்தவர்களும் துண்டுத்துணிகளைச் சேர்த்துத் தைத்த போர்வை இன்றும் இருக்கிறது. சிறைப்பட்ட செய்தியையும் அதில் நூலாலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். இதைப் பார்க்காதவர்கள் ஹவாய் மக்களின் கோபத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லவேண்டாம்.

6. 'கப்பு' என்று பலகை இருந்தால் உள்ளே போகக் கூடாது. 'ஹெயாவு' கோயில்களின் கல்மதில்மேல் ஏறாதீர்கள், கல்லை அடுக்கி விளையாடாதீர்கள், ஞாபகார்த்தமாக எடுத்தும் வராதீர்கள்.

7. கவாய் தீவில் யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளின் பரம்பரையில் வந்த சைவ மடம் இருக்கிறது. கும்பிட்டுவிட்டு வாருங்கள். ஆனால் அந்தத் தீவில் அதை மட்டும் பார்த்துத் திரும்பினால் எனக்குக் கோபம் வரும்.

8. கையில் ஒரு சனிக்கிழமை மிச்சமிருந்தால் ஓவாஹு தீவின் ஹெயேயா மீன்குளத்தில் வேலை நாள் உண்டா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். கடலோரத்தில் கல்லடுக்கி வளைத்த பல நூறு வருஷத்துக் குளம் அது. மதகுக் கம்பின் இடுக்கு வழியாகக் குஞ்சு மீன் நுழையும். தின்று கொழுத்தபின் வெளியேற முடியாது. கல் சுமக்கவும், வெளியிலிருந்து வந்து மண்டிப்போன அலையாத்தி மரங்களை வெட்டவும் ஆள் தேவைப்படும். காசு கொடுத்து வாங்கும் எந்தச் சுற்றுலாவிலும் அங்கத்து மனிதர்களோடு இவ்வளவு பேச வாய்க்காது. கழன்றுபோகாத பழைய செருப்பும் மாற்றுத் துணியும் கொண்டுபோங்கள், சேறு அதிகம்.