அறுவடை மெஷின் வாங்கப் போகிறீர்களா? குதிரைத்திறனை விடுங்கள், ஓடும் மணியைப் பாருங்கள்!

டெல்டாவில் இன்று நெல் அறுக்க ஆள் தேடுபவர்கள் குறைவு. மெஷின் தேடுபவர்கள்தான் அதிகம். சொந்தமாகப் பத்துப் பதினைந்து ஏக்கர் வைத்திருப்பவர், டிராக்டர் ஓட்டிப் பழகியவர், வெளிநாட்டு வேலையை விட்டு ஊர் திரும்பியவர் என்று பலருக்கும் இப்போது கம்பைன் ஹார்வெஸ்டர் மீது கண். நல்ல தொழில்தான். ஆனால் போட்டி பலமானது. சீசன் தொடங்கியதும் ஆத்தூர், பெரம்பலூர் பக்கமிருந்து லாரியில் மெஷினை ஏற்றி வந்து இறங்கும் அனுபவசாலிகளோடு நீங்கள் மோத வேண்டும். அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, ‘இந்த மெஷின் வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடும்?’ என்பதுதான். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

1. மணிக்கணக்கு முதலில், மாடல் பிறகு

கடன் தவணையும் வட்டியும் வருஷத்துக்கு 6 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் 400 மணி நேரம் ஓடினால், ஒவ்வொரு மணியிலும் 1,500 ரூபாய் தவணைக்கே போய்விடும். 800 மணி ஓடினால் அது 750 ரூபாயாக இறங்கும். டீசல், டிரைவர் சம்பளம், ரிப்பேர் எல்லாம் இதற்கு மேல். சொந்த நிலம் மட்டும் இந்தச் சுமையைத் தாங்காது. எந்த ஊர், எந்த மாதம், எத்தனை ஏக்கர் என்று பட்டியல் போடுங்கள். பட்டியல் நிரம்பாவிட்டால், இந்த வருஷம் வாடகை மெஷினே போதும்.

2. பெல்ட்டா, டயரா? வயல்தான் முடிவு செய்யும்

குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில் வரும். அப்போதே மழை தொடங்கிவிடும். அந்தச் சேற்றில் பெல்ட் மெஷின்தான் இறங்கும். ஜப்பானியத் தயாரிப்பான 70 எச்.பி. பெல்ட் மெஷின் 3 டன் அளவுதான் இருக்கும். பஞ்சாபிலிருந்து வரும் பெரிய டயர் கம்பைன் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கனம். ஆனால் காய்ந்த வயலில் டயர் மெஷின் வேகமாக அறுக்கும், ரோட்டில் தானாகவே ஓடிப் போகும். பெல்ட் மெஷினுக்கு ஊர் மாற லாரி வேண்டும். காய்ந்த தரையும் தார் ரோடும் ரப்பர் பெல்ட்டைத் தின்றுவிடும். உங்கள் பட்டியலில் ஈர வயல் பாதிக்கு மேல் என்றால் பெல்ட் வாங்குங்கள். யோசிக்க வேண்டியதில்லை.

3. ஹெட்டர் அகலத்தில் ஏமாறாதீர்கள்

முன்னால் பயிரை அறுத்து வாரும் பகுதிதான் ஹெட்டர். 2 மீட்டர் ஹெட்டர், மணிக்கு 3 கி.மீ. வேகம் என்றால் கணக்குப்படி 6,000 சதுர மீட்டர், அதாவது சுமார் ஒன்றரை ஏக்கர். திரும்புவது, டேங்க்கைக் கொட்டுவது, வரப்பு தாண்டுவது எல்லாம் போக, கையில் நிற்பது மணிக்கு ஒரு ஏக்கர். 14 அடி ஹெட்டருக்கு இதே வேகத்தில் இரண்டு ஏக்கர் வரை கிடைக்கும். ஆனால் அரை ஏக்கர் வயல்களாக இருந்தால் பாதி நேரம் திரும்பவே சரியாக இருக்கும். வாய்க்கால் பாலத்திலும் வண்டிப் பாதையிலும் ஹெட்டர் நுழையாது. மெஷின் பார்க்கப் போகும்முன் டேப் எடுத்து உங்கள் பகுதியின் குறுகலான பாலத்தை அளந்துவிடுங்கள். இன்னொன்று: ஹெட்டர் வாரிக் கொடுப்பதை உள்ளே கதிரடிக்கும் டிரம் அடித்து முடிக்க வேண்டும். அடர்ந்த ஈரப் பயிரில் சின்ன டிரம் திணறும், வேகத்தைக் குறைக்க நேரும்.

4. சாய்ந்த பயிரில் ஹெட்டர் எப்படி?

நிமிர்ந்து நிற்கும் நெல்லை எந்த மெஷினும் அறுக்கும். மழையில் படுத்த சம்பாவில்தான் தரம் தெரியும். ரீலை முன்னும் பின்னும், மேலும் கீழும் டிரைவர் சீட்டிலிருந்தே நகர்த்த முடிகிறதா? ரீல் விரல்களின் கோணத்தை மாற்ற முடியுமா? கட்டர் பாரைத் தரையை ஒட்டி இறக்கினால் மண் வாராமல் போகிறதா? கத்தி மாற்ற எவ்வளவு நேரம் ஆகிறது? நான்கையும் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

மக்காச்சோளத்துக்கும் ஓட்டும் எண்ணம் இருந்தால், நெல் ஹெட்டரை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அதற்குத் தனி ஹெட்டர், டிரம் பகுதியில் தனி அமைப்பு வேண்டும். பரிந்துரைக்கப்படும் வரிசை இடைவெளி 60 செ.மீ. ஹெட்டரின் இடைவெளி உங்கள் பகுதி விதைப்போடு பொருந்துகிறதா என்று பார்த்தபிறகே ஆர்டர் கொடுங்கள்.

5. டெமோவில் தரையைப் பாருங்கள்

டெமோ நாளில் எல்லோரும் டேங்க்கில் கொட்டும் நெல்லைப் பார்ப்பார்கள். நீங்கள் தரையைப் பாருங்கள். வயல் நடுவில் மெஷினை நிறுத்தி, அதன் நீளத்துக்குப் பின்னால் எடுக்கச் சொல்லுங்கள். ஹெட்டர் அறுத்து முடித்த, ஆனால் வைக்கோல் விழாத ஒரு துண்டு நிலம் முன்னால் தெரியும். அங்கே ஒரு சதுர மீட்டரில் கிடக்கும் மணிகளை எண்ணுங்கள். அறுக்காத பயிருக்கு அடியில் ஏற்கெனவே உதிர்ந்து கிடப்பதைக் கழியுங்கள். மிச்சம் ஹெட்டரின் நஷ்டம்.

சி.ஆர்.1009 போன்ற ரகத்தில் ஆயிரம் மணி சுமார் 23 கிராம். சதுர மீட்டருக்கு 100 மணி என்றால் ஏக்கருக்கு 9 கிலோ போச்சு. 430 மணி என்றால் கொள்முதல் நிலையத்தில் போடும் 40 கிலோ சிப்பம் ஒன்று முழுசாகத் தரையில் கிடக்கிறது. பிறகு டேங்க்கில் ஒரு கை அள்ளுங்கள். உடைந்த மணி அதிகம் என்றால் டிரம் வேகம் கூடுதல். தூசியும் பதரும் அதிகம் என்றால் காற்றும் சல்லடையும் சரியில்லை. செட்டிங் மாற்றி மறுபடி ஓட்டச் சொல்லுங்கள்.

6. காகிதத்தைப் படியுங்கள்

மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பரிசோதனை நிலையத்தின் டெஸ்ட் ரிப்போர்ட்டை டீலரிடம் கேளுங்கள். தானிய நஷ்டம், உடைசல், டீசல் செலவு எல்லாம் அதில் இருக்கும். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் 40 முதல் 50 சதவீதம் வரை மானியம் உண்டு. அதற்கு உச்சவரம்பும் உண்டு. வேளாண் உட்கட்டமைப்பு நிதியில் வாடகை மையம் தொடங்க, 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை இருக்கிறது. வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் உங்கள் மாடல் மானியப் பட்டியலில் உள்ளதா என்று கேளுங்கள். ஆணை கைக்கு வரும்வரை மானியத்தை வரவில் எழுதாதீர்கள்.

7. சர்வீஸ் எவ்வளவு தூரத்தில்?

சீசனில் ஒரு நாள் மெஷின் நின்றால் அந்த நாள் திரும்பாது. வாடிக்கையாளர் பக்கத்து மெஷினைக் கூப்பிட்டுவிடுவார். விலையில் கிடைக்கும் தள்ளுபடியைவிட, ஒரு மணி நேரத்தில் வந்து நிற்கும் மெக்கானிக் பெரிய லாபம். டீலர் கடைக்கு நேரில் போய் ரேக்கில் கத்தி, பெல்ட், செயின், பேரிங் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அதே மாடல் வைத்திருக்கும் மூன்று ஓனர்களிடம் பேசுங்கள். டீலர் கொடுக்கும் நம்பர் வேண்டாம், நீங்களே வயலில் தேடிப் பிடியுங்கள்.

8. டிரைவரை முதலில் பிடியுங்கள்

நல்ல டிரைவர் இல்லாத புது மெஷினைவிட நல்ல டிரைவர் ஓட்டும் பழைய மெஷின் அதிகம் சம்பாதிக்கும். சீசனுக்கு முன்பே சம்பளம், பேட்டா பேசி முடியுங்கள். நீங்களும் ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள். கற்றால்தான் டிரைவர் லீவு போட்டாலும் தொழில் நிற்காது. ஆந்திரத்தில் அனந்தபூர் அருகே கார்லதின்னேயில் தென்மண்டலப் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையம் இருக்கிறது. பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

9. முதல் வயலிலேயே பெயர் எடுங்கள்

வாடகை மணிக்கணக்கில்தான். அதற்காக மெதுவாக ஓட்டினால் இந்த வருஷம் நாலு காசு கூடும், அடுத்த வருஷம் போன் வராது. விவசாயி மனதுக்குள் கணக்குப் போடுவது ஏக்கருக்கு எத்தனை மணி என்றுதான். கலெக்டர் ஆபீஸ் முத்தரப்புக் கூட்டத்தில் முடிவாகும் வாடகைக்கு மேல் கேட்காதீர்கள். நேரம் தொடங்குவதையும் முடிவதையும் அவர் கண்முன் குறியுங்கள். சம்பா, தாளடி நெல் நிற்கும்போதே உளுந்து, பயறு தெளித்திருப்பார்கள். அங்கே நின்ற இடத்தில் பெல்ட்டைச் சுழற்றினால் முளை போய்விடும். அகலமாகத் திரும்புங்கள். விவசாயி இதைக் கவனிப்பார், ஊருக்கும் சொல்வார்.

10. மெஷினை நகர்த்திக்கொண்டே இருங்கள்

ஒரு பட்டம் முடிந்து அடுத்தது வரும்வரை வீட்டு வாசலில் நிறுத்தினால் தவணை கையைக் கடிக்கும். டெல்டாவில் ஜனவரி முதல் மார்ச் வரை, பிறகு பெல்ட் மெஷினுக்குக் கேரளத்தின் குட்டநாட்டில் புஞ்சைப் பட்ட நெல், அடுத்து விழுப்புரம், திருவண்ணாமலை நவரை என்று பாதை போடுங்கள். ஒவ்வொரு ஊரிலும் நம்பகமான ஒரு ஏஜென்ட், கமிஷன் முன்கூட்டியே பேச்சு, லாரி வாடகை தனிக் கணக்கு. வாடகைக்குக் கிடைக்கும் ஏக்கர் குறைந்தால் லாரிச் செலவே லாபத்தைச் சாப்பிடும். குறைந்தது எத்தனை ஏக்கர் உறுதியானால் கிளம்புவது என்று ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் இன்னும் ஒரு வேலை. வரும் குறுவைக்கு யாராவது ஒரு ஓனரிடம் சேர்ந்து, ஒரு சீசன் முழுக்க மெஷினோடு போங்கள். ஓடிய மணி, நின்ற மணி, நின்ற காரணம் மூன்றையும் தினமும் நோட்டில் எழுதுங்கள். எந்த மெஷின், எந்த ஹெட்டர் என்பதை அந்த நோட்டை வைத்து முடிவெடுங்கள். ஷோரூமில் முடிவெடுக்காதீர்கள்.