மிஞ்சும் காய்கறியும் வீண்விரயமும்

வீண்விரயம் மார்க்கத்துக்கும் ஆகாது, மடிக்கும் ஆகாது. நம் கடையனுபவத்திற் கண்டதைச் சொல்கிறோம்.

கீரையைக் கழுவாமல் தாளிற் சுற்றி ஐஸ்பெட்டியில் வைக்கவும். ஈரம் பட்டால் அழுகும். கத்தரிக்காய் கடுங்குளிரிற் கறுத்துப்போகும்; வெளியில் வைத்து இரண்டொரு நாளிற் சமைத்துவிடுக. உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே கூடையிலிடாது, வெளிச்சம் படாத, காற்றோடும் இடத்திற் பிரித்து வைக்கவும்.

பாகற்காய் மிஞ்சினால் வட்டமாய் நறுக்கி, உப்பிட்ட மோரில் ஊறவிட்டு, ஒடியுமளவு வெயிலில் உலர்த்தி வற்றலாக்குக. சிங்கப்பூரின் டிசம்பர் மழையில் இது பலிக்காது, பூஞ்சணம் பூக்கும். அந்நாட்களில் மிஞ்சிய கத்தரியும் உருளையும் தால்ச்சாவிற் சேரட்டும்.

அதற்கும் மிஞ்சினால்? முன்பு நாம் காய் வாடியபின்பே அண்டை வீட்டாருக்குக் கொடுத்துவந்தோம். ஒருநாள் அவ்வீட்டம்மா அதைக் குப்பைத்தொட்டியில் இடக்கண்டு நாணினோம். கொடுக்க நினைப்பதைப் பசுமையாயிருக்கும்போதே கொடுப்போமாக!