பாடியவரை விட்டு எழுதியவரைத் தேடுங்கள்

கன்ட்ரி பாட்டு ஒன்று மனதில் ஒட்டிக்கொண்டதா? எழுதியவர் யாரென்று பாருங்கள். ஸ்பாட்டிஃபையில் பாட்டுக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, கிரெடிட்ஸ் பகுதியைத் திறந்தால் பெயர் கிடைக்கும். டிம் மெக்ரா பாடிய ‘ஹம்பிள் அண்ட் கைண்ட்’ லோரி மெக்கென்னா எழுதியது. அவர் தானே பாடிய ஆல்பங்களும் உண்டு. எனக்கென்னவோ அவர் குரல்தான் பிடிக்கிறது. நாஷ்வில் நகரின் புளூபேர்ட் கஃபேயில் வட்டமாக உட்கார்ந்து பாடுவதும் இப்படிப்பட்ட பாடலாசிரியர்கள்தான்.

நாட்டுப்புற இசைக்கு, 1948-இல் தொடங்கிய ஃபோக்வேஸ் இசை நிறுவனத்தின் பதிவுகளைத் தேடுங்கள். அது இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வசம்.

இண்டி இசை என்றால் பேண்ட்கேம்ப் தளம். ஆல்பம் பக்கத்தில் அதை வாங்கியவர்களின் சிறு படங்கள் இருக்கும். ஒருவரைத் தொடுங்கள், அவருடைய சேகரிப்பு திறக்கும். முன்பின் தெரியாத அந்த ரசிகரின் ரசனை, செயலி தரும் பரிந்துரையைவிடப் பல நேரம் தேவலை. பெரும்பாலான பாடல்களைக் கேட்டுப் பார்த்துவிட்டே வாங்கலாம்.